ஒரே தட்டில் இரண்டு சமையல்

நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழன் அமெரிக்காவில் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை. அதற்கு முந்தைய மாலை அங்குள்ள சமையலறைகளில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு: ஓவனுக்குள் இருக்கும் பம்ப்கின் பையை எப்போது வெளியே எடுப்பது? கதவைத் திறந்து தட்டை லேசாக அசைத்துப் பார்த்தால் ஓரம் அசையாமல் நிற்கிறது. நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் தளதளவென்று ஆடுகிறது. முதல்முறை செய்பவர் 'இன்னும் வேகவில்லை' என்று கதவைச் சாத்திவிடுவார். பத்து நிமிடத்தில் நடுவும் உறைந்துவிடும், அவருக்கும் நிம்மதி. மறுநாள் காலை பார்த்தால் குறுக்கே வெடிப்பு ஓடியிருக்கும். வெட்டிய துண்டின் அடியில் தண்ணீர் கசிந்து ஓடு ஊறியிருக்கும்.

ஆடிக்கொண்டிருந்தபோதே எடுத்திருக்க வேண்டும்.

பார்க்க எளிய பண்டம்தான். மைதாவும் வெண்ணெயும் சேர்த்துப் பிசைந்து, வட்டமாகத் தேய்த்து, ஒன்பது அங்குலத் தட்டில் படியவைத்த மாவு ஓடு. அதற்குள் பரங்கிக்காய் விழுது, முட்டை, பால், சர்க்கரை, பட்டை, சுக்கு, கிராம்பு, ஜாதிக்காய் கலந்த பூரணம். பெயரில் பரங்கிக்காய் முன்னால் நின்றாலும், உள்ளே நடப்பதைப் பார்த்தால் இது முட்டையால் உறையும் கஸ்டர்டு. சிக்கலும் அங்கேதான். ஓடு மொறுமொறுப்பாக வர வேண்டுமானால் நல்ல சூடும் உலர்ந்த காற்றும் வேண்டும். கஸ்டர்டு வழுவழுப்பாக வர வேண்டுமானால் மிதமான சூடு போதும்; அதன் உட்சூடு 85 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே கெடத் தொடங்கும். ஒன்றுக்கு ஈரம் பகை, மற்றதில் பெரும்பகுதி ஈரம்தான். இரண்டையும் ஒரே தட்டில், ஒரே ஓவனில், ஒன்றாக வேகவைக்கச் சொல்கிறது இந்தப் பண்டம். வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவைத்த பக்குவங்கள், டப்பா லேபிளில் அச்சிட்ட குறிப்புகள், சமையல் பத்திரிகைகள் கண்டுபிடித்த தந்திரங்கள் எல்லாமே இந்த முரணைச் சமாளிக்க வந்தவை.

பண்டிகையோடு இது ஒட்டிக்கொண்ட கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1621-ல் பிளிமத் குடியேறிகளும் வாம்பனோவாக் பழங்குடியினரும் சேர்ந்து உண்ட விருந்தைத்தான் முதல் தேங்க்ஸ்கிவிங் என்று அமெரிக்கப் பள்ளிகள் கற்பித்துவந்தன. அந்தப் பந்தியில் பரங்கிக்காய் இருந்திருக்கலாம். பழங்குடியினர் நெடுங்காலமாகப் பயிரிட்டுவந்த காய் அது. பை இருந்திருக்க வாய்ப்பில்லை. வெண்ணெயும் கோதுமை மாவும் கைக்கு எட்டாத குடியிருப்பில் ஓடு செய்வது எங்கே? 1651-ல் பிரெஞ்சுச் சமையல்காரர் லா வரென் வெளியிட்ட நூலில், பரங்கிக்காயைப் பாலில் வேகவைத்து மாவு ஓட்டில் இடும் முறை வந்துவிட்டது. இன்றைய வடிவத்துக்கு நெருங்கி வருவது, 1796-ல் ஹார்ட்ஃபோர்டு நகரில் அமீலியா சிம்மன்ஸ் வெளியிட்ட 'அமெரிக்கன் குக்கரி'. அதில் இரண்டு முறைகள் இருக்கின்றன. ஒன்றில் ஒன்பது முட்டை, தாராளமாக க்ரீம், ஜாதிபத்திரி, ஜாதிக்காய், இஞ்சி. இன்னொன்றில் நான்கு முட்டை, பால், கரும்புப் பாகுக் கழிவான மொலாசஸ், ஆல்ஸ்பைஸ், இஞ்சி. வசதியான வீட்டுக்கு ஒன்று, கைச்சுருக்கத்துக்கு ஒன்று போலும். 1827-ல் சாரா ஜோசஃபா ஹேல் தமது 'நார்த்வுட்' நாவலில் தேங்க்ஸ்கிவிங் விருந்தை விவரித்தபோது பம்ப்கின் பையை மேசையில் வைத்தார். பிறகு பத்திரிகை ஆசிரியராகி, இதை நாடு முழுவதற்குமான விழாவாக்கச் சொல்லி ஆண்டுக்கணக்கில் எழுதிக்கொண்டேயிருந்தவரும் அவர்தான். உள்நாட்டுப் போரின் நடுவே, 1863-ல், ஆபிரகாம் லிங்கன் அந்த அறிவிப்பை வெளியிட்டார்.

இனி முட்டை. அதிலுள்ள புரதங்கள் நீண்ட இழைகள். பச்சையாக இருக்கும்போது ஒவ்வொன்றும் தனக்குள்ளேயே சுருண்டு, உருண்டையாக மிதந்துகொண்டிருக்கும். சூடேறினால் சுருள் அவிழும். அவிழ்ந்த இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து வலையாகும். அந்த வலைக்கண்களுக்குள் தண்ணீர், கொழுப்பு, சர்க்கரை, பரங்கிக்காயின் நார் எல்லாம் அகப்பட்டு நிற்பதைத்தான் உறைதல் என்கிறோம். தனி முட்டை 60 டிகிரியைச் சற்றுத் தாண்டியதும் கெட்டிப்படத் தொடங்கி, 70 வாக்கில் நன்றாக உறைந்துவிடும். பையில் நிலைமை வேறு. பெரும்பாலான வீடுகளில் இரண்டு முட்டைதான் விழுகிறது. அதைச் சுற்றி 400 கிராமுக்கு மேல் பரங்கி விழுது, ஒன்றரைக் கப் பால், முக்கால் கப் சர்க்கரை. புரத இழைகள் ஒன்றையொன்று எட்டிப் பிடிக்க முடியாதபடி இடையில் இத்தனை சரக்கு. அதனால் இந்தக் கலவை 78, 80 டிகிரிக்கு வந்த பிறகே உறைகிறது.

பாலின் பங்கு வெறும் ருசி மட்டுமல்ல. முட்டையோடு பாலுக்குப் பதில் தண்ணீரும் சர்க்கரையும் மட்டும் கலந்து வேகவைத்தால் கஸ்டர்டு ஒழுங்காக உறையாது. முட்டைப் புரதங்களில் பெரும்பாலானவை எதிர்மின்னேற்றம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும். பாலில் கரைந்திருக்கும் கால்சியம் போன்ற தாதுக்கள் அந்தத் தள்ளலை மட்டுப்படுத்தி இழைகளை நெருங்கவிடுகின்றன. குறிப்பில் வரும் அரை டீஸ்பூன் உப்பும் ருசிக்காக மட்டும் சேர்ப்பதல்ல. அதற்கும் இதில் வேலை இருக்கிறது.

சூடு 80-க்கு மேலே ஏற ஏற, பிணைப்பு அந்த அளவில் நிற்பதில்லை. இழைகள் இன்னும் நெருங்கி இறுகுகின்றன, வலைக்கண்கள் சுருங்குகின்றன, உள்ளே இருந்த தண்ணீர் பிழிந்து வெளியே வருகிறது. கெட்டித் தயிரில் கரண்டி போட்டு எடுத்த பள்ளத்தில் சற்று நேரத்தில் தண்ணீர் ஊறி நிற்குமே, அதற்கு உறவான விளைவுதான் இது. அங்கே வலை பின்னியது பால் புரதம், இங்கே முட்டைப் புரதம். பையில் இதோடு இன்னொரு தொல்லை. ஓரம் உலோகத்தட்டை ஒட்டியிருப்பதால் நடுவுக்கு வெகுமுன்பே வெந்துவிடும். பூரணம் கெட்டியானது, குழம்புபோலப் புரண்டு சூட்டைப் பரப்பிக்கொள்ள அதனால் முடியாது. சூடு விளிம்பிலிருந்து உள்ளே மெல்ல நகர்ந்துதான் போக வேண்டும். நடு உறையக் காத்திருக்கும் நேரத்தில் ஓரம் இறுகிச் சுருங்குகிறது. ஒருபக்கம் ஓடு பிடித்துக்கொண்டிருக்க, இன்னொருபக்கம் கஸ்டர்டு உள்நோக்கி இழுக்க, மேற்பரப்பு எங்கே பலவீனமோ அங்கே பிளக்கிறது. சூடான பையைக் குளிர்ந்த இடத்தில் சட்டென்று வைத்தாலும் இதே இழுபறிதான்.

மற்றக் கஸ்டர்டுகளுக்கு இதற்கு மாற்று உண்டு. கிண்ணங்களைக் கொதிநீர் ஊற்றிய தட்டில் இறக்கி ஓவனில் வைப்பார்கள். தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது என்பதால் கிண்ணத்தின் ஓரமும் தப்பிக்கும். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் முட்டையும் சேர்த்து இலங்கை முஸ்லிம்கள் செய்யும் வட்டலப்பம் ஆவியில் வேகிறது. அதற்கும் இதே காப்பு. பையைத் தண்ணீரில் இறக்கினால் ஓடு வெந்த மாவாகிவிடும். அந்த வழி முதலிலேயே அடைபட்டுப் போகிறது.

எனவேதான் அடுப்புச் சூட்டை இரண்டு கட்டமாகப் பிரிக்கும் வழக்கம். லிபீஸ் நிறுவனம் தனது பரங்கி டப்பாவின் லேபிளில் 1950 முதல் பை செய்முறையை அச்சிட்டுவருகிறது. பல குடும்பங்களில் 'அம்மாவின் கைப்பக்குவம்' என்று வழிவழியாக வருவது உண்மையில் இந்த லேபிள்தான். முதல் 15 நிமிடம் சுமார் 220 டிகிரி, பிறகு சுமார் 175 டிகிரிக்குக் குறைத்து 40 முதல் 50 நிமிடம் என்பது அதன் கணக்கு. முதல் கட்டம் ஓட்டுக்கு. அடிமாவு உறைந்து, வெண்ணெயிலுள்ள நீர் ஆவியாகி அடுக்குகளைப் பிரிக்க அந்தச் சூடு வேண்டும். குளிர்ந்த பூரணம் அந்தக் கால் மணி நேரத்தில் பெரிதாகச் சூடேறாது. இரண்டாம் கட்டம் கஸ்டர்டுக்கு.

நடுப்பகுதிக்கு அருகே கத்தியைச் செருகிப் பார்க்க வேண்டும், ஒட்டாமல் வர வேண்டும் என்பது வழக்கமான சோதனை. அது போதாது. கத்தி நட்டநடுவில் ஒட்டாமல் வருகிறதென்றால் ஓரம் எல்லை மீறிவிட்டது என்று பொருள். போதாக்குறைக்குக் கத்தி போன இடமே வெடிப்புக்குத் தொடக்கமாகிவிடும். ஊசிமுனைத் தெர்மாமீட்டர் நம்பகமானது. நடுவில் 80 டிகிரியைத் தொட்டதும் எடுத்துவிடலாம். முட்டை சேர்ந்த உணவு 71 டிகிரியை எட்ட வேண்டும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் பாதுகாப்பு அளவுகோல். அதையும் இது தாண்டிவிடுகிறது. வெளியே எடுத்த பிறகும் ஓரத்துச் சூடு உள்நோக்கி நகர்ந்துகொண்டேயிருக்கும். ஆடிக்கொண்டிருந்த நடு, கம்பித் தாங்கியில் ஆறும்போது தானாகவே உறைந்துவிடும்.

பரங்கிக்காய் இந்தக் கதையில் துணைப் பாத்திரம்தான் என்றாலும் அதன் வரலாறு நீளம். மெக்சிகோவின் ஒஹாக்கா மாநிலத்தில் உள்ள கிலா நக்கிட்ஸ் குகையில் கிடைத்த விதைகள், சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் இந்தக் குடும்பத்துக் காயைப் பயிரிடத் தொடங்கிவிட்டதைக் காட்டுகின்றன. அதன் காட்டு மூதாதைகள் கடும் கசப்பு. குக்கர்பிடாசின் என்ற நச்சுப்பொருளே காரணம். சிறிய விலங்குகளை அது விரட்டும். மாஸ்டொடான் போன்ற யானை இனத்து விலங்குகளுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. தின்று, விதைகளைத் தொலைதூரம் கொண்டுபோய்ச் சாணத்தில் போட்டன. மாஸ்டொடான் சாணத்திலிருந்து கிடைத்த விதைகளை ஆராய்ந்து 2015-ல் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று, அந்த விலங்குகள் அழிந்த பிறகு காட்டுப் பரங்கி இனங்கள் தேய்ந்துபோயின என்றும், மனிதன் கைக்கு வந்தவை பிழைத்துக்கொண்டன என்றும் சொல்கிறது. விருந்து மேசைக்கு வரும் காய், விதை சுமந்த ஆளை மாற்றிக்கொண்டு தப்பித்த தாவரம்.

ஹாலோவீன் இரவில் முகம் செதுக்கி விளக்கேற்றும் ஆரஞ்சு நிறக் காய் பைக்கு உதவாது. செதுக்க வசதியாக வளர்க்கப்பட்ட அதன் சதை நார்நாராக, நீர்த்து, இனிப்பில்லாமல் இருக்கும். டப்பாவில் அடைபடுவது டிக்கின்சன் என்ற வகை. நீள்வாட்டில், மங்கிய பழுப்புத் தோலோடு இருக்கும். ஆரஞ்சுப் பரங்கியை எதிர்பார்ப்பவருக்கு அது பரங்கியாகவே தோன்றாது. குக்கர்பிட்டா மாஸ்கேட்டா என்ற இனத்தைச் சேர்ந்தது. நம் ஊர்ச் சந்தையில் கீற்றுப்போட்டு விற்கும் பரங்கிக்காயும் பெரும்பாலும் இதே இனம். தமிழ்நாட்டில் பம்ப்கின் பை செய்ய நினைப்பவருக்கு இது நல்ல செய்தி: இறக்குமதி டப்பா தேடி அலைய வேண்டியதில்லை. நன்றாக முற்றிய காயாகப் பார்த்து வாங்கினால் போதும்.

அமெரிக்காவில் டப்பாப் பரங்கியின் தலைநகரம் இலினாய் மாநிலத்தின் மார்ட்டன் என்ற சிற்றூர். சுற்றுவட்டார வயல்களில் விளைவது அங்கே உள்ள லிபீஸ் ஆலைக்கு வருகிறது. ஒரே பகுதியை நம்பியிருப்பதன் ஆபத்து 2009-ல் தெரிந்தது. அறுவடை நேரத்தில் பெய்த மழையில் டிராக்டர்கள் சேற்றில் சிக்கின, காய்கள் வயலிலேயே அழுகின, கடை அலமாரிகள் காலியாயின.

'டப்பா வேண்டாம், புதுக்காயே உத்தமம்' என்று சொல்பவர்கள் உண்டு. பை விஷயத்தில் இந்த வாதம் அவ்வளவாக எடுபடவில்லை. பரங்கிக்காயில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். வீட்டில் வேகவைத்து மசித்த விழுதின் ஈரம் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். முட்டைப் புரதத்தின் கணக்கு அதற்கேற்பக் குழம்பும். ஆலையில் ஈரம் ஒரே அளவாகச் சரிசெய்யப்படுகிறது. டப்பாவுக்குள் விழுது நெடுநேரம் அழுத்தத்தில் வேகவும் செய்கிறது. பரங்கிக்காயில் புளிப்பு கிடையாது; அமிலம் இல்லாத இடத்தில் பாட்டுலிசம் நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் பிழைத்துக் கிடக்கும். கெட்டி விழுதின் மையம்வரை அவற்றைக் கொல்லும் சூட்டைச் செலுத்த நேரம் பிடிக்கும். வீட்டில் பரங்கி விழுதைப் பாட்டிலில் அடைத்துப் பாதுகாக்க வேண்டாம் என்று அமெரிக்க வேளாண் துறை எச்சரிப்பதும் இதனால்தான். துண்டுகளாக, முறைப்படி பிரஷர் கேனரில் அடைக்க மட்டுமே அனுமதி. ஆலையில் அத்தனை நேரம் வெந்ததன் பக்கவிளைவாகச் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து விழுது பழுப்பேறுகிறது, சுட்ட இனிப்பு வாசம் சேருகிறது. புதுக்காயில் அதே ருசி வேண்டுமென்றால் விழுதை வாணலியில் போட்டு, அடியில் லேசாக ஒட்டி நிறம் மாறும்வரை கிளறிச் சுண்டவைக்க வேண்டும். சோம்பல் இல்லாதவர்கள் டப்பா விழுதையும் இப்படிக் கிளறிக்கொள்வது நல்லது. தண்ணீர் குறையும், தகர வாடை போகும், சூடான விழுது பூரணத்தைச் சீக்கிரம் உறையவைக்கும்.

பாலும் டப்பாப் பால்தான், அதுவும் காரணத்தோடு. எவாப்பரேட்டட் மில்க் எனப்படும், சர்க்கரை சேர்க்காத சுண்டிய பாலில் ஏறக்குறைய 60 விழுக்காடு தண்ணீர் நீக்கப்பட்டிருக்கும். புரதமும் தாதுக்களும் இரட்டிப்புக்கு மேல் செறிந்திருக்கும். சிம்மன்ஸ் அம்மையாருக்கு ஒன்பது முட்டை தேவைப்பட்ட வேலையை இன்றைய குறிப்பு இரண்டு முட்டையில் முடிப்பதற்கு அளவு வேறுபாட்டோடு இதுவும் ஒரு காரணம்.

ஓட்டுக்கு வருவோம். கோதுமை மாவில் குளூட்டனின், கிளையடின் என்று இரண்டு புரதங்கள். தண்ணீர் பட்டுப் பிசையப் பிசைய இவை சேர்ந்து குளூட்டன் என்ற இழுவைத்தன்மையுள்ள பிணைப்பாகும். பரோட்டா மாவை மேசையில் அடித்து விரிக்க முடிவது அதனால். பை ஓட்டுக்கு அதே குளூட்டன் அதிகமானால் ஓவனில் சுருங்கி, மென்றால் தோல்போல இருக்கும். சுத்தமாக இல்லாவிட்டால் தேய்க்கும்போதே உதிர்ந்துவிடும். ஆக, கொஞ்சமாக வேண்டும். குளிர்ந்த வெண்ணெயைப் பட்டாணி அளவுத் துண்டுகளாக மாவோடு உதிர்த்துச் சேர்ப்பது இதற்கான வழி. மாவுத்துகள்மேல் கொழுப்பு பூசிக்கொண்டால் அங்கே தண்ணீர் எட்டாது, குளூட்டன் வளராது. கரையாமல் நிற்கும் வெண்ணெய்த் துண்டுகள் தேய்க்கும்போது தகடுகளாகும். ஓவனில் அந்தத் தகடு உருகி, அதிலுள்ள நீர் ஆவியாகி, இடைவெளியை விட்டுச் செல்லும். வெண்ணெய் 30 டிகிரியைத் தாண்டினாலே இளகிவிடுவது இங்கே பெரிய தொல்லை. நவம்பர் மாத பாஸ்டனில் சும்மா நடக்கும் வேலை, சென்னைச் சமையலறையில் மாவு, பாத்திரம், பூரிக்கட்டை அனைத்தையும் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால்தான் நடக்கும்.

2007 நவம்பரில் 'குக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' இதழில் ஜே. கென்ஜி லோபஸ்-ஆல்ட் வெளியிட்ட தந்திரம் பலரைத் திடுக்கிடவைத்தது: பிசையும் தண்ணீரில் பாதிக்குப் பதில் வோட்கா. வோட்காவில் நூற்றுக்கு நாற்பது பங்கு ஆல்கஹால். ஆல்கஹால் மாவை ஈரமாக்கும், குளூட்டனை வளர்க்காது. எனவே மாவு உடையாமல் தேய்க்கும் அளவுக்குத் தாராளமாக நனைக்கலாம். ஓடு கடினப்படும் என்ற பயம் வேண்டாம். ஆல்கஹாலின் கொதிநிலை 78 டிகிரிதான் என்பதால் ஓவனில் பெரும்பாலும் ஆவியாகிப் போய்விடும், வாடையும் தங்காது. சமையல் கலை என்று சொல்லிக்கொண்டிருந்த ஒன்றைப் புரத வேதியியலாகப் பார்த்ததால் கிடைத்த தீர்வு இது.

அடி நனையும் சிக்கல் இதோடு தீராது. பச்சை ஓட்டில் திரவப் பூரணத்தை ஊற்றினால், ஓடு வேகுமுன் அதன் ஸ்டார்ச் பூரணத்தின் நீரை உறிஞ்சிக் கூழாகிவிடும். முதலில் ஓட்டை மட்டும் வெறுமையாகச் சுட்டெடுப்பது உத்தமம். வெண்ணெய் உருகிப் பக்கச்சுவர் சரியாமல், அடிப்பக்கம் உப்பாமல் இருக்க உள்ளே தாள் விரித்துக் காய்ந்த பயறோ அரிசியோ நிரப்புவார்கள். முன்கூட்டியே சுட்டுவிட்டால் முதல் கட்ட 220 டிகிரி தேவையே இல்லை. தொடக்கம் முதல் கஸ்டர்டின் விருப்பப்படி மிதமான சூட்டிலேயே போகலாம். ஒரே தட்டில் நடந்த இரண்டு சமையலை இரண்டு நேரமாகப் பிரிப்பதுதான் இதன் சூட்சுமம். லேபிள் முறை பாத்திரத்தையும் நேரத்தையும் மிச்சப்படுத்துகிறது. நல்ல ஓடு வேண்டுமானால் இந்தக் கூடுதல் அரை மணி நேரத்தைத் தர வேண்டும்.

மசாலாவைத் தொடாமல் இந்தப் பண்டத்தைப் பேச முடியாது. சொல்லப்போனால் பெரும்பாலானவர்கள் பம்ப்கின் ருசி என்று நினைப்பது மசாலாவைத்தான். மக்கார்மிக் நிறுவனம் 1934-ல் 'பம்ப்கின் பை ஸ்பைஸ்' என்று கலவைப்பொடியை விற்கத் தொடங்கியது. ஸ்டார்பக்ஸ் 2003-ல் அறிமுகப்படுத்திய பம்ப்கின் ஸ்பைஸ் லாட்டேயில் 2015 வரை பரங்கிக்காய் ஒரு துளியும் கிடையாது. குடித்தவர்களுக்குக் குறையாகவும் தெரியவில்லை.

பட்டையின் வாசத்துக்கு முதற்காரணம் சின்னமால்டிஹைடு. கிராம்பு எண்ணெயில் முக்கால் பங்குக்குக் குறையாமல் யூஜினால். பல்வலிக்குக் கிராம்பு வைத்தால் மரத்துப்போவது அதன் வேலை. ஆல்ஸ்பைஸிலும் யூஜினால்தான் பிரதானம். இலங்கைப் பட்டையிலும் ஜாதிக்காயிலும்கூடக் கொஞ்சம் உண்டு. வெவ்வேறு கண்டத்து மரங்களிலிருந்து வந்த பொருள்கள் ஒரே கலவையாக மூக்கில் படுவதற்கு இந்தப் பொது மூலக்கூறு உதவுகிறது என்று கொள்ளலாம். சுக்குக்கு வழி வேறு. இஞ்சியிலுள்ள ஜிஞ்சரால் காயும்போது ஷோகாலாக மாறுகிறது; அது இன்னும் காரமானது. எனவே பச்சை இஞ்சியைத் துருவிப் போட்டால் சுக்குப்பொடியின் உறைப்பு வராது. இந்தக் காரம் நாவின் சுவை மொட்டுகளில் பதிவதல்ல. வெப்பத்தை உணரும் டிஆர்பிவி1 ஏற்பியை இஞ்சியின் காரப்பொருள்கள் தூண்டுகின்றன. டிஆர்பிஏ1 என்ற இன்னொரு ஏற்பியைச் சின்னமால்டிஹைடு தூண்டுகிறது. இந்தக் குடும்பத்து ஏற்பிகளை ஆராய்ந்த டேவிட் ஜூலியஸுக்கும் ஆர்டெம் படாபூட்டியனுக்கும் 2021-ல் மருத்துவ நோபல் கிடைத்தது. பை ஆறிக் குளிர்ந்திருந்தாலும் வாயில் கதகதப்பாகத் தோன்றுவதன் விடை இந்த ஏற்பிகளில் இருக்கிறது.

இந்த வாசப்பொருள்கள் தண்ணீரைவிடக் கொழுப்பில் நன்றாகக் கரையும். க்ரீமும் முட்டை மஞ்சளும் அவற்றைப் பிடித்து வைத்து மெல்ல விடுவிக்கின்றன. மசாலாவைச் சூடான பரங்கி விழுதில் முதலில் பிரட்டிவிட்டுப் பிறகு க்ரீமைச் சேர்ப்பவர்களின் பையில் வாசம் தூக்கலாக இருப்பதில் வியப்பில்லை. ஒரே எச்சரிக்கை, கிராம்பு. கால் டீஸ்பூனுக்கு மேல் போனால் பை பல் மருத்துவமனையாகிவிடும்.

அமெரிக்கக் கடைகளில் 'சினமன்' என்று விற்பதில் மிகப் பெரும்பகுதி இலங்கைக் கருவாப்பட்டை அல்ல. இந்தோனேசியாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் வரும் காசியா. தடித்த, ஒற்றைச் சுருளான, காட்டமான பட்டை அது. இலங்கையின் தென்மேற்குக் கரையில் உரித்துச் சுருட்டும் கருவா மெல்லிய தாளாகப் பல சுற்றுச் சுருண்டிருக்கும், வாசமும் மென்மை. க்ரீமும் சர்க்கரையும் மிகுந்த பைக்குக் காசியாவின் காட்டமே பொருந்துகிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். காசியாவில் கூமரின் என்ற பொருள் கணிசமாக உண்டு. அளவு மிஞ்சினால் சிலருக்கு ஈரலைப் பாதிக்கும். இலங்கைக் கருவாவில் அது பெயரளவுக்கே. 2006-ல் ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் கிறிஸ்துமஸ் பட்டை பிஸ்கட்டுகளைப் பற்றி எச்சரித்தபோது இந்தப் பேச்சு பெரிதாயிற்று. உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்பது ஐரோப்பிய அன்றாட வரம்பு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 6 மில்லிகிராம். பை முழுவதிலும் விழுவது ஒரு டீஸ்பூன் பட்டைப்பொடி, ஏறக்குறைய இரண்டரை கிராம். காசியா ஒரு கிராமில் 3 மில்லிகிராம் கூமரின் இருப்பதாக வைத்துக்கொண்டாலும், எட்டில் ஒரு துண்டுக்கு ஒரு மில்லிகிராமை ஒட்டித்தான் வரும். பண்டிகை நாளில் இரண்டாம் துண்டு கேட்பவரைத் தடுக்க இது காரணமாகாது. சர்க்கரை வேண்டுமானால் ஆகும்.

ஜாதிக்காய்க்கு இந்த மேசையோடு இன்னொரு தொடர்பும் உண்டு. ஒருகாலத்தில் உலகுக்கெல்லாம் அது இந்தோனேசியாவின் பாண்டா தீவுகளிலிருந்து மட்டுமே வந்தது. அவற்றில் ஒன்றான ரன் தீவின்மீது ஆங்கிலேயர் உரிமை கொண்டாடிவந்தனர். 1667-ல் பிரெடா உடன்படிக்கையில் அவர்கள் அதை டச்சுக்காரர்களுக்கு விட்டுக்கொடுத்தார்கள்; பதிலுக்கு, தாங்கள் பிடித்துவைத்திருந்த நியூ ஆம்ஸ்டர்டாம் ஆங்கிலேயரிடமே தங்கியது. அதுதான் நியூயார்க்.

வெந்த பை அறைச்சூட்டில் இரண்டு மணி நேரம் ஆறலாம், அதற்கு மேல் ஃப்ரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். முட்டையும் பாலும் ஈரமும் சேர்ந்த இடம் கிருமிக்கும் விருந்து. ஃப்ரீசரில் வைப்பது அவ்வளவு உசிதமல்ல. பனிப்படிகங்கள் புரத வலையைக் கிழித்துவிடும். உருகும்போது தண்ணீர் விடும்.

பரிமாறும்போது மேலே வைக்கும் அடித்த க்ரீமுக்கும் கணக்கு உண்டு. முப்பது விழுக்காட்டுக்குக் குறையாத கொழுப்பு வேண்டும். அடிக்கும்போது கொழுப்புத் துளிகளின் மேலுறை கிழிந்து, ஒன்றோடொன்று பாதி ஒட்டி, காற்றுக்குமிழிகளைச் சுற்றிச் சுவராக நிற்கும். க்ரீம் குளிர்ந்திருந்தால்தான் கொழுப்பு கெட்டியாக இருந்து இந்தச் சுவரைத் தாங்கும். வெதுவெதுப்பானால் எத்தனை அடித்தாலும் நுரை நிற்காது. நாளெல்லாம் ஓவன் எரிந்த சமையலறையில், கிண்ணத்தையும் அடிப்பானையும் கால் மணி நேரம் ஃப்ரீசரில் வைத்துவிட்டுத் தொடங்குவது நல்லது. முனை மடங்கி நிற்கும் பதத்தில் நிறுத்திவிட வேண்டும். அதன் பிறகும் அடித்துக்கொண்டேயிருந்தால் கொழுப்பு முழுவதும் திரண்டு, மோர் தனியே பிரிந்து, கிண்ணத்தில் வெண்ணெய் மிதக்கும்.